ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம்

நெல்வாய்க்குப்பம் மெட்ராஸ் ராஜ்யத்தை விட்டு ஆந்திராவுக்குப் போவதும், தாட்சாயணி டீச்சர் பள்ளிக்கூடத்தை விட்டுப் போவதும் ஒரே நாளில் வாய்த்தன. அறுபதாம் வருஷம், மார்ச் முப்பத்தொன்று, வியாழக்கிழமை. அன்று பொழுது சாயும் வரைக்கும் ஊர் செங்கல்பட்டு ஜில்லா, டீச்சர் டீச்சர். மறுநாள் விடிந்தால் ஊர் சித்தூர் ஜில்லா, டீச்சர் ரிடையர்.

ராஜ்யம் மாறுவதைப் பற்றி ஊரில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. டெல்லியில் யாரோ வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசி முடித்துவிட்டார்கள். இங்கே பெண் கொடுத்த இடம் புத்தூர், பெண் எடுத்த இடம் ஊத்துக்கோட்டை. சத்தியவேட்டுச் சந்தையில் கத்திரிக்காயைத் தமிழில் கேட்டால் தெலுங்கில் விலை சொல்வார்கள், தெலுங்கில் கேட்டால் தமிழில் சொல்வார்கள். "ஏரி எங்கயும் போவலையே" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கர்ணம் மட்டும் வயசான காலத்தில் தெலுங்கில் கணக்கு எழுத வேண்டுமே என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் போவதுதான் ஊரைக் கலக்கியது. முப்பத்தோரு வருஷம். திருத்தணிப் பக்கத்திலிருந்து இருபத்து நாலு வயதில், புருஷனை இழந்த ஆறாம் மாதம், ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர். அப்போது பள்ளிக்கூடம் என்பது பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகையில் தடுத்துக் கொடுத்த பாதி. இந்தப் பக்கம் ஆனா ஆவன்னா, அந்தப் பக்கம் அசைபோடும் சத்தம். சேரிப் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே உட்கார வைக்கச் சொன்னார்கள். டீச்சர் சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் மற்ற பிள்ளைகளையும் வெளியே கொண்டுபோய்ப் புங்க மரத்தடியில் ஒரே வரிசையாக உட்கார வைத்தார். மழைக்காலம் வந்ததும் எல்லாரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள். சண்டை போடாமல் காரியம் பார்க்கத் தெரிந்தவர்.

வராத பிள்ளையை வரவைப்பதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. காலையில் ஆஜர் பட்டியைத் திறந்து பேர் கூப்பிடுவார். பதில் வரவில்லை என்றால் பட்டியை மூடிவிட்டு நேராக அந்த வீட்டுக்குப் போவார். வாசலில் கவிழ்த்துப் போட்டிருக்கிற உரல் மேல் உட்கார்ந்துகொள்வார். திட்டமாட்டார், கெஞ்சமாட்டார். "பிள்ளையை அனுப்புங்க, நான் இங்கதான் கீறேன்" என்பார். டீச்சர் உரல்மேல் உட்கார்ந்திருக்க, எந்த வீட்டில் அடுப்பு மூட்ட முடியும்? அரைமணியில் பிள்ளை முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்கும். "உரல் டீச்சர்" என்றுதான் அவருக்குப் பின்னால் பேர்.

பஞ்சாயத்து பிரசிடெண்டு தணிகாசலம் பெரிய வீட்டுப் பிள்ளை. அந்த மாட்டுக்கொட்டகைக்காரரின் மகன். மோதிரம் போட வேண்டும், சால்வை போர்த்த வேண்டும், சத்தியவேட்டிலிருந்து மேளம் வைக்க வேண்டும் என்று டீச்சர் வீட்டில் வந்து சொன்னார்.

"மோதிரம் போட்டுக்கினு நான் எங்கப்பா போவப்போறேன். சந்திரகிரியில தங்கச்சி வூட்ல போய் முருங்கைக்கீரை ஆயப்போறேன்" என்றார் டீச்சர்.

"அப்ப ஊரு இன்னாதான் செய்யறது? உங்களுக்குன்னு ஒண்ணுமே செய்யலன்னா நாளைக்கு எவனும் எங்கள மதிக்கமாட்டான்."

"என்கிட்ட படிச்சவங்க ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டாங்க. ஒரே அண்டாவுல போட்டுப் பொங்கலாம். எல்லாரும் ஒண்ணா குந்தித் துன்னலாம்."

தணிகாசலம் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒரே அண்டாவா?"

"ஒரே அண்டா."

"பந்தி?"

"எட்டு வயசுல நீ யார் பக்கத்துல குந்தின, ஞாபகம் கீதா?"

தணிகாசலம் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூன்றாம் வாய்ப்பாட்டுக்காக டீச்சரிடம் முட்டியில் அடி வாங்கியவர். பிரசிடெண்டு ஆன பிறகும் அந்த முட்டி மறக்கவில்லை. "சரி, உங்க இஷ்டம்" என்று எழுந்துபோனார்.

ஏற்பாட்டை எல்லாம் கோவர்த்தனன் வாத்தியார் எடுத்துக்கொண்டார். அவரும் டீச்சரிடம் படித்தவர்தான், இனிமேல் அவர்தான் ஹெட்மாஸ்டர். சட்டப்படி நடக்கிற மனுஷன். கோடு போட்ட காகிதத்தில்கூடக் கோட்டுக்கு மேல் ஒரு நூல் விட்டு எழுதுவார். பழைய ஆஜர் பட்டிகளைக் கட்டுக்கட்டாகச் சித்தூருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அனுப்பும் முன் முப்பத்தோரு வருஷத்துப் பட்டிகளையும் பிரித்து, அதிலிருந்து எல்லாப் பேரையும் வருஷவாரியாக எழுதினார். நானூற்றுச் சொச்சம் பேர். விழாவில் அவர் பேர் படிப்பார், பேருக்குரியவர் எழுந்துவந்து ஒரு பிடி அரிசியை அண்டாவில் போட வேண்டும். செத்துப்போனவர்களுக்கு அவர்கள் பிள்ளைகள் போடலாம். கடைசிப் பேரும் விழுந்த பிறகுதான் அரிசி உலைக்குப் போகும்.

நல்ல யோசனைதான். ஆனால் அந்த யோசனை சேரியில் ஒரு வீட்டில் போய் முள்ளாகத் தைத்தது.

செல்லியம்மாவுக்கு முப்பத்து மூன்று வயது. புருஷன் ரங்கையா குடுபல்லிப் பக்கத்து ஆள், கல் உடைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். இரண்டு பேரும் பத்துப் பன்னிரண்டு வருஷம் கூலிக்குப் போனார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கோடியில் கருவேலம் மண்டிக்கிடந்த அரை ஏக்கர் புறம்போக்கை சர்க்கார் அவர்கள் பேருக்குக் கொடுத்தது. வேரோடு பிடுங்கி, கல் பொறுக்கி, வண்டல் அடித்து, போன தையில்தான் முதல் நெல் அறுத்தார்கள். சொந்த நிலத்தில் சொந்த நெல். அம்மன் கோயிலுக்கு ஒரு படி கொடுத்துவிட்டு, விதைக்கு எடுத்து வைத்து, மீதியை ஒரு புதுப்பானையில் செல்லியம்மா மூடி வைத்திருந்தாள். கேழ்வரகுக் களியே தின்றார்களே ஒழிய அதைத் தொடவில்லை.

ஒரு பிடி அரிசி என்ற சேதி காதில் விழுந்த அன்றே அந்தப் பானையைத் திறந்துவிட்டாள். அதிகாலையில் உரலில் போட்டுக் குத்தினாள். புடைத்தாள். குருணை ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கினாள்.

"ஒரு பிடிக்கு இன்னாத்துக்கும்மே ஒரு மரக்கா குத்துற?" என்றான் ரங்கையா.

"பொறுக்கி எடுத்த அரிசியில ஒரு பிடி. நீ டீச்சரம்மாகிட்ட படிச்சிருந்தா உனக்குத் தெரியும்."

"நீ படிச்சது ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமும் படிப்புதான்."

அவர்கள் மகள் இந்திராணி ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு இந்தக் கதையெல்லாம் தலைகீழ்ப் பாடம். அம்மா டீச்சரிடம் படித்தாள், மணல் மேல் எழுதினாள், இரண்டாம் வகுப்பில் முதலாவதாக வாய்ப்பாடு சொன்னாள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்த நாளெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித்தான் செல்லியம்மா அவளை எழுப்பி அனுப்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை கோவர்த்தனன் வகுப்பில் பட்டியலைப் படித்தார். வீட்டில் சொல்லிவிடுங்கள் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் அவரவர் வீட்டுப் பேர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இந்திராணிக்குச் சீட்டு வரவில்லை.

அவள் வீட்டுக்கு வந்து பையை மாட்டிவிட்டு நின்றாள்.

"உன் பேரு இல்லம்மா."

"சரியா பாத்திருக்க மாட்டார்."

"நான் கேட்டேன். மூணு வாட்டி தேடினார். அந்த வருஷத்து பட்டியில உன் பேரு கீதாம், ஆனா செவப்பு மசியில கோடு போட்டு அடிச்சி கீதாம். அடிச்ச பேரெல்லாம் எழுதலன்னுட்டார்." கொஞ்சம் பொறுத்து, "நீ நெஜமாலுமே படிச்சியாம்மா?" என்றாள்.

செல்லியம்மா முறத்தில் இருந்த அரிசியை எடுத்துச் சட்டியில் கொட்டி மூடினாள். சட்டியைப் பரண் மேல் ஏற்றிவிட்டு, அடுப்பில் களிக்குத் தண்ணீர் வைத்தாள். அன்று கருவாட்டுக் குழம்பில் உப்பு இல்லை. ரங்கையா வாய் திறக்காமல் சாப்பிட்டான். பெண்டாட்டி வாய் மூடியிருக்கிற நாளில் உப்பு கேட்பது புத்திசாலித்தனம் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் தானே போய் வாத்தியாரிடம் கேட்டான். கோவர்த்தனன் தப்பான ஆள் இல்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினார். "நான் இன்னா பண்ணட்டும் ரங்கையா? அடிச்ச பேரு மொத்தம் பதினொண்ணு கீது. ஒண்ணைச் சேத்தா மத்ததையும் சேக்கணும். ரிக்கார்டுல கீறதுதான் ரிக்கார்டு" என்றார். அப்புறம் மனசு கேட்காமல் சாயங்காலம் அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் டீச்சரிடம் காட்டினார்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். 1936, பிப்ரவரி. மு. செல்லியம்மா. பேர் மேல் நேராக ஒரு கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்து. அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"மத்த பத்து பேரும் அப்புறம் சேந்தாங்க கோவர்த்தனா. அடுத்த பக்கத்துல அவங்க பேரு கீது, பாரு. இது ஒண்ணுதான் சேரல."

புதன்கிழமை பொழுது இறங்கும் வேளையில் டீச்சர் ஏரிக்கோடிக்கு நடந்து போனார். கோடை தொடங்கிவிட்டது. ஏரியில் தண்ணீர் நடுக்குழியில் மட்டும் கிடந்தது. கரையோரக் கிணற்றில் ரங்கையா ஏற்றமரத்தின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். சால் கவிழ்ந்து தண்ணீர் ஓட, கீழே கேழ்வரகுப் பயிருக்குள் செல்லியம்மா மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் ரங்கையா இறங்கி ஓடிவந்து, தலைத்துண்டை எடுத்து வரப்பின்மேல் விரித்தான்.

"குந்துங்க டீச்சரம்மா. செல்லி, தொ பாரு, யாரு வந்துகீறாங்கன்னு."

செல்லியம்மா பார்த்தாள். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. "வாங்க டீச்சரம்மா. தண்ணி ஓடிக்கினு கீது, வாய்க்கா ஒடச்சிக்கும். அங்கயே இருங்க" என்றாள்.

ரங்கையா மறுபடி ஏற்றமரத்தின்மேல் ஏறினான். டீச்சர் உட்காரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரப்போடு அவள் இருந்த இடத்துக்கு நடந்தார்.

"நாளைக்கு வருவல்ல?"

"வேல கீது. நாளைக்குத்தான் அந்தப் பக்கத்துப் பாத்திக்குத் தண்ணி மொற."

"பட்டியல்ல பேரு இல்லன்னுதான வரல?"

செல்லியம்மா ஒரு பாத்தியை அடைத்து இன்னொன்றைத் திறந்தாள். தண்ணீர் உள்ளே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பேரு இல்லன்னா நான் இன்னா செய்யறது டீச்சரம்மா. நீங்கதான அடிச்சீங்க."

"நான்தான் அடிச்சேன்."

"அடிக்கறதுக்கு உங்களுக்கு நாயம் இருந்திச்சி. நான் கேக்க வரல. ஆனா எம்பொண்ணு இப்ப என்னை ஒரு மாதிரி பாக்குறா. நான் பொய் சொன்னேன்னு நெனைக்கிறா."

"இன்னா நாயம் இருந்திச்சின்னு நீ நெனச்சிக்கினு கீற?"

செல்லியம்மா முதல் தடவையாக டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

"பலப்பம்."

"இன்னா பலப்பம்?"

"அந்த வருஷம் தை பொறந்ததும் எங்க நைனா எல்லாரையும் கூட்டிக்கினு நெல்லூருக்கு அறுப்புக்குப் போச்சு. போறதுக்கு மொத நாள் உங்க மேஜை மேல இருந்து ஒரு பலப்பம் எடுத்துக்கினேன். களத்துல குந்தி எழுதிப் பாக்கலாம்னு. திரும்பி வந்து தந்துடலாம்னுதான் எடுத்தேன். திரும்பி வந்ததும் மறுநாளே பள்ளிக்கூடம் வந்தேன். பாவாட முனையில முடிஞ்சிக்கினு வந்தேன். நீங்க பேரு கூப்டீங்க. எனக்கு முன்னாடி கீற பேரு கூப்டீங்க, எனக்குப் பின்னாடி கீற பேரு கூப்டீங்க. என்னைக் கூப்டல. சாயந்தரம் வரைக்கும் பின்னால குந்திக்கினே இருந்தேன். திருடிட்டேன்னு தெரிஞ்சிக்கினு பேரை எடுத்துட்டாங்கன்னு புரிஞ்சிக்கினேன். அப்புறம் வரல."

டீச்சர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேலை ஈரமானதைக் கவனிக்கவில்லை.

"செல்லி, பலப்பம் போனதே எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது. அந்த மாசம் இன்ஸ்பெக்டர் வரதா இருந்தார். ஆஜர் கொறஞ்சா பள்ளிக்கூடத்த மூடிடுவாங்க. அறுப்புக்குப் போன பதினோரு புள்ளைங்க பேரையும் அடிச்சேன். வந்ததும் மறுபடி எழுதிக்கலாம்னு அடிச்சேன். நீ வந்தது மார்ச் இருவத்தி நாலு. புதுசா பேரு எழுதறது ஒண்ணாந்தேதிதான். அது சட்டம். ஒரு வாரந்தான, ஒண்ணாந்தேதி எழுதிக்கலாம்னு விட்டேன். உன்னைப் பின்னால பாத்தேன். பாத்துட்டுத்தான் விட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல."

ஏற்றம் நின்றுவிட்டிருந்தது. ரங்கையா மரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். வாய்க்காலில் மிச்சத் தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு வாரமா?" என்றாள் செல்லியம்மா.

"ஒரு வாரம்."

"பெரிய வூட்டு எருமைங்களோட ஏழு வருஷம் மலைமேல அலைஞ்சேன் டீச்சரம்மா. அந்தப் பலப்பம் தேயற வரைக்கும் பாறைமேல எம்பேரையே எழுதிக்கினு இருந்தேன். மழ வந்தா அழிஞ்சிடும், மறுபடி எழுதுவேன். திருட்டுப் பலப்பத்துல எழுதறமேன்னு பயமாவும் இருக்கும். இத்தினி நாளும் நான் தப்பு பண்ணேன்னு நெனச்சிக்கினு கீறேன்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"நான் உங்க வூட்டுக்கு ரெண்டு வாட்டி வந்தேன். நைனா மாட்டுக்கு விட்டுட்டேன்னு சொன்னார். மூணாவது வாட்டி வந்து உரல்மேல குந்தியிருந்தா நீ வந்திருப்ப. வரல. மாடு பெரிய வூட்டு மாடு. பள்ளிக்கூடம் பெரிய வூட்டுக் கொட்டாயில நடந்துக்கினு இருந்திச்சி. அந்த மாட்டுக்காரியைக் கூப்டா கொட்டாய் போயிடுமோன்னு பயந்தேன். ஊர்ல எல்லார் வாசல்லயும் குந்தினவ, உன் வாசல்ல மட்டும் குந்தல. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

செல்லியம்மாவுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வருகிறது என்று தெரியாமல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "இருட்டப்போவுது. வரப்புல பாம்பு கீம்பு கெடக்கும். நீங்க போங்க டீச்சரம்மா" என்றாள்.

"நாளைக்கு?"

"பாத்திக்கு மொற நாளைக்கு."

மறுநாள் நாலு மணிக்கெல்லாம் பள்ளிக்கூடத்து மைதானம் நிறைந்துவிட்டது. புங்க மரம் புதுத்தளிர் விட்டிருந்தது. அதன் அடியில் டீச்சருக்கு நாற்காலி, பக்கத்தில் கல்யாண வீட்டு அண்டா, மூன்று கல் கூட்டிய அடுப்பில் உலைத்தண்ணீர். தணிகாசலம் வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். இந்திராணி மற்ற பிள்ளைகளோடு உட்காராமல் ஓரமாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரங்கையா மட்டும்தான் வந்திருந்தான்.

கோவர்த்தனன் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஒருவர் எழுந்து வந்தார். பலமனேரில் தக்காளி மண்டி வைத்திருப்பவர் வந்தார். திருப்பதியில் கண்டக்டராக இருப்பவர் சில்லறைப் பையோடு வந்தார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அரிசி மடியிலிருந்து, சொம்பிலிருந்து, காகிதப் பொட்டலத்திலிருந்து விழுந்தது. சிவப்பரிசி, வெள்ளையரிசி, ரேஷனரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்தது. டீச்சர் ஒவ்வொருத்தரையும் பழைய பேரில் விசாரித்தார். "மூக்கு ஒழுகுறது நின்னுச்சா?" என்று அவர் ஐம்பது மாடு வைத்திருக்கிற ஒருவரைக் கேட்க, கூட்டமே சிரித்தது.

கடைசிப் பேரும் முடிந்தது. கோவர்த்தனன் காகிதத்தை மடித்தார். உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியை உலையில் கொட்ட இரண்டு பேர் அண்டாவைத் தூக்கக் குனிந்தார்கள்.

"இருங்க. ஒரு பேரு பாக்கி" என்றார் டீச்சர். எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார். வகுப்பில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

"மு. செல்லியம்மா."

பதில் வரவில்லை. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கையா தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி நாற்காலிமேல் வைத்தார். கோவர்த்தனன் கையிலிருந்த பட்டியலை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மைதானத்தை விட்டு இறங்கிச் சேரிப்பக்கம் நடந்தார்.

"டீச்சர் எங்க போறாங்க?" என்று யாரோ கேட்டார்கள். நாற்பது வயதைத் தொட்ட ஒருவர்தான் பதில் சொன்னார்: "ஆஜர் ஆவாத புள்ள வூட்டுக்கு."

கூட்டம் முழுக்க அவர் பின்னால் போயிற்று. சேரித் தெருவுக்குள் அதுவரை கால் வைக்காதவர்களும் போனார்கள். என்ன செய்கிறோம் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. செல்லியம்மாவின் வீடு பூட்டாமல் படல் சாத்திக் கிடந்தது. வாசலில் உரல் கவிழ்ந்து கிடந்தது. டீச்சர் அதன்மேல் உட்கார்ந்தார்.

"இந்திராணி, அம்மாவைக் கூட்டியா. நான் இங்கதான் கீறேன்னு சொல்லு."

அவள் ஏரிக்கோடிப் பக்கம் ஓடினாள். வெயில் ஓலைக் கூரைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். கோவர்த்தனன் கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

செல்லியம்மா முழங்கால்வரை சேறும் தோளில் மண்வெட்டியுமாக வந்தாள். தெரு நிறைய ஊர் நிற்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"எழுந்திருங்க டீச்சரம்மா. எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க."

"பாக்கட்டும். பேரு கூப்டேன், நீ வரல."

"அதத்தான் நேத்தே சொன்னேனே."

"அன்னிக்கு ஒண்ணாந்தேதி வரட்டும்னு உன்னை விட்டேன். நாளைக்கும் ஒண்ணாந்தேதிதான். ஆனா நாளைக்கு நான் டீச்சர் இல்ல. உன் பேரைக் கூப்புட எனக்கு இன்னிக்கு மட்டுந்தான் அதிகாரம் கீது. நீ வரலன்னா இங்கயே குந்திக்கினு கீறேன். இது என் மூணாவது வாட்டி."

தணிகாசலம் முன்னால் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் வீட்டு எருமைகளை அவள் மேய்த்த அந்த வருஷங்களில்தான் அவர் புங்க மரத்தடியில் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, கையை நீட்டி அவள் தோளிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"போ செல்லி. அரிசி எடுத்தா. உல கொதிக்குது" என்றார்.

அவள் உள்ளே போனாள். பரண்மேலிருந்து சட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற பிள்ளை மாதிரி தலையைக்கூட ஒதுக்கி வாரியிருந்தாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டு டீச்சருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

டீச்சர் பட்டியலைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"மு. செல்லியம்மா."

அவள் திரும்பி இந்திராணியைப் பார்த்தாள். அப்புறம் டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆஜர், டீச்சர்."

பட்டியலின் அடியில் டீச்சர் அந்தப் பேரைத் தன் கையால் எழுதினார். அதன் பிறகுதான் உரலை விட்டு எழுந்தார்.